நெல்லி மரங்களைக் கிளையோடு வெட்டுவதை நிறுத்தி, காய் எடுக்கும் பொறுப்பை ஊருக்கே தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மலைக் கிராம மகளிர் குழுவினர்,
ஒடுகத்தூர் வழி, அணைக்கட்டு வட்டம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வன அலுவலர் அவர்கள்.

பொருள்: நெல்லி, கடுக்காய் மரங்களைக் காப்பாற்றக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மனுவை நேரில் கொடுத்தோம். இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாவதைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். எதற்கும் ஒரு வரி பதில் வரவில்லை. மனு கொடுக்க வரும் ஒவ்வொரு முறையும் இருட்டிலேயே மலை இறங்க வேண்டும், அன்றைய கூலியும் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறோம். தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாதது அல்ல. மலை ஏறி வளைவுகள் முடிந்ததும், பெரிய பாறைக்குக் கீழே நெல்லியும் கடுக்காயும் கலந்து நிற்கும் சரிவு இருக்கிறதே, தாங்கள் வந்தபோது ஊற்றுத் தண்ணீர் குடித்த இடம், அதைப் பற்றித்தான் இந்த மனு.

1. எங்களுக்குச் சாமை விளைந்தால் வீட்டுச் சாப்பாடு. கையில் காசு பார்ப்பது மார்கழி, தையில் நெல்லிக்காய், அப்புறம் கடுக்காய். இரண்டும் போனால் திருப்பூர், பெங்களூரு என்று கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். எங்கள் தாத்தா காலத்தில் இந்த மலைக் கடுக்காய், தோல் பதனிட ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மூட்டை மூட்டையாகப் போகும். அத்தனை போயும் மரம் குறையவில்லை. மரத்தை யாரும் வெட்டவில்லை என்பதுதான் காரணம்.

2. ஏலம் எடுத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு மூன்று வருடமாக வெளியூர் ஆட்கள் மினி லாரியில் வருகிறார்கள். ஏலக் காகிதத்தை இதுவரை எங்கள் கண்ணில் காட்டவில்லை. அவர்கள் மரம் ஏறிப் பறிப்பதில்லை, துறட்டி வைத்தும் இழுப்பதில்லை. கிளையையே அரிவாளால் வெட்டிக் கீழே தள்ளி, உட்கார்ந்த இடத்திலேயே காயை உருவிக்கொண்டு போகிறார்கள். போன தை மாதம் ஒரே மதியத்தில் இப்படிக் கிளை வெட்டுப்பட்ட 41 மரங்களை எண்ணினோம். பாறையடியில் நிற்பதை நாங்கள் பெரியாத்தா மரம் என்போம். எங்கள் மாமியார்கள் புதுப்பெண்ணாக வந்தபோதே அது பெரிய மரம். இன்றைக்கு அதில் ஒரு கிளை இல்லை. மொட்டைத் தண்டும், கைக்கெட்டாத உயரத்தில் ஒரு கொத்துப் புல்லுருவியும்தான் நிற்கின்றன. நெல்லி பங்குனியில் பூக்கும் ஐயா. பூக்கக் கிளை வேண்டாமா? வெட்டுப்பட்ட மரம் திரும்பத் தழைத்துக் காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இது காசு மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. உதிர்ந்த நெல்லிக்காயை மான் தின்னும். அசைபோடும்போது கொட்டையைத் துப்பும். அது துப்பிய இடத்தில்தான் கன்று முளைக்கும். மூன்று வருடமாக அந்தச் சரிவில் முழங்கால் உயரக் கன்று ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. வெயில் விழுந்த இடமெல்லாம் உண்ணிச்செடி ஏறிவிட்டது. அதற்குள் புல் முளைக்காது, மானும் நுழையாது. வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து சருகாகக் கிடக்கின்றன. சித்திரையில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும். தீ வந்தால் அணைக்க ஓடுவது யார்? பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு நாங்கள்தான் ஓடுகிறோம்.

3. ஊற்று முன்பெல்லாம் சித்திரை வரை ஓடும். இந்த வருடம் மாசியிலேயே சொட்டுகிறது.

4. நாங்கள் ஒரு கட்டு காய்ந்த விறகு எடுத்து வந்தால் வனத்துறை ஆட்கள் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். போன மாதம்கூட ஒரு வயதான அம்மாவின் அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். லாரி நிறைய மூட்டை இறங்கிப் போகிறதே, அதை நிறுத்த ஆள் இல்லையா? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வழிவழியாகச் சேகரித்துவரும் நெல்லி, கடுக்காய் போன்ற சிறு வன மகசூல் எங்கள் உரிமை என்கிறது. காட்டைக் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் எங்கள் மலைக்கு மட்டும் ஏறி வராதா? 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் காட்டையும் மரப்பரப்பையும் 33 சதவீதம் ஆக்கப்போகிறோம் என்கிறீர்கள். சந்தோஷம். குழி தோண்டக் கூப்பிட்டால் வருகிறோம். ஆனால் நிற்கிற மரத்தை வெட்டவிட்டு, பாக்கெட்டில் வளர்த்த கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் மனசு கேட்கவில்லை ஐயா. கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். வேறு யாரிடம் போய்ச் சொல்வோம்?

5. எங்களிடம் விட்டால் எப்படி எடுப்போம் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். சரிவை மூன்றாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்கைத் தொடாமல் விடுவோம். துறட்டியால் மட்டுமே பறிப்போம். மூன்றில் ஒரு பங்கு காய் மரத்திலேயே இருக்கும், அது மானுக்கும் கரடிக்கும். ஏறும்போதே புல்லுருவியை அறுத்துப் போடுவோம். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவோம், தையிலேயே தீத்தடுப்புக் கோடு வெட்டுவோம். கிளையில் அரிவாள் வைப்பவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும் அந்த வருடம் அவருக்குப் பங்கு கிடையாது. இதற்கு அரசாங்கப் பணம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. எடை போடத் தராசும், காய் உலர்த்த ஒரு களமும் கொடுத்தால் போதும்.

ஆகவே ஐயா, கிளை வெட்டுவதை உடனே நிறுத்த உத்தரவிட வேண்டும். காய் எடுக்கும் பொறுப்பைக் கிராம சபை மூலம் எங்களுக்குத் தர வேண்டும். அடுத்த வாரம் கடுக்காய்க்கு வரப்போவதாக லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தாங்கள் நேரில் வந்து பெரியாத்தா மரத்தைப் பார்க்க வேண்டும். மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம், லாரி வருவதற்கு முன்னால் வாருங்கள்.

இணைப்பு: மூன்றாவது மனுவின் ரசீது நகல், வெட்டிய நெல்லிக் கிளைத் துண்டு ஒன்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மகளிர் குழுவினர்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் பின்பக்கம்)