மட்டக்குளி பைப்புல உப்பு தண்ணி: வெயில மட்டும் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தண்ணி தட்டுப்பாடுன்னு செய்தி வந்தா எல்லாரும் மழை இல்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க, அதுக்கு தான் இத எழுதுறேன். நான் பொறந்தது மலைநாட்டுல மஸ்கெலியா பக்கம், கல்யாணம் கட்டி வந்தது கொழும்பு மட்டக்குளிக்கு, அதாவது களனி கங்கைக்கு தண்ணி சேர்ற எடத்துல வளர்ந்து இப்ப அது கடல்ல விழுற எடத்துல குடும்பம் நடத்துறேன். மவுசாகலை டேம்ல தண்ணி எறங்கிச்சுன்னா பழைய மஸ்கெலியா டவுனோட முழுகிப்போன கோயில் வெளிய தெரியும். அண்ணன் போன் எடுத்து கோயில் தெரியுது புள்ளன்னு சொன்னா போதும், நான் இங்க கேன், போத்தல் எல்லாம் கழுவி நிரப்பி வைக்க ஆரம்பிச்சிருவேன்.

அப்படித்தான் ஒரு வருஷம் நல்ல வெயில் காலத்துல பைப் தண்ணி கரிக்க ஆரம்பிச்சது. மாமாவுக்கு பிரஷர், கிளினிக்ல உப்ப கொறைக்க சொல்லி கறிக்கு பாதி உப்பு தான் போடுறேன், ஆனா சோறு வடிச்ச கஞ்சியே உப்பா இருந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா நல்லா கொதிக்க வச்சா போயிடும்னு ரெண்டு தரம் கொதிக்க வச்சாங்க, உப்பு எங்க போகும், தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும். பெரிய போத்தல் தண்ணி வாங்க வசதி இருக்கிறவங்க வாங்குனாங்க, எங்க குடியிருப்புல முக்கால்வாசி பேர் அந்த தண்ணியத்தான் குடிச்சாங்க.

கொழும்புக்கு வர்ற குடிதண்ணியில பெரும்பங்கு அம்பத்தளையில களனி கங்கையில இருந்து எடுக்கிறது, அது கடல்ல இருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் உள்ளுக்கு. அவ்வளவு தூரம் கடல் தண்ணி எப்படி ஏறும்னு கேப்பீங்க. உப்பு தண்ணி கனம், நல்ல தண்ணிக்கு அடியால தரையோட ஊர்ந்து தான் வரும், ஆத்துல ஓட்டம் இருந்தா அது தள்ளிட்டே இருக்கும், ஓட்டம் கொறைஞ்சா ஏறும். இதுல வெயிலுக்கு பங்கு இருக்கு தான், மேல டேம்ல கரண்டுக்காக தண்ணிய பிடிச்சு வச்சாலும் கீழ ஓட்டம் கொறையும், அதையும் ஒத்துக்குறேன். ஆனா வருஷக்கணக்கா மணல் அள்ளி அள்ளி ஆத்தோட அடி கடல் மட்டத்துக்கும் கீழ போயிருச்சே, அந்த பள்ளம் வழியா தானே கடல் உள்ள வருது, அத வெயிலா தோண்டுச்சு?

இப்ப சட்டம் கட்டுப்பாடுன்னு எதுக்கு இவ்வளவுன்னு கேக்குறவங்களுக்கு சொல்றேன், எங்க வீட்டுக்காரர் மேசன் பாஸ், மணல் ஒரு கியூப் வெலை ஏறுனா மொதல்ல அடி விழுறது எங்க அடுப்புல தான், பர்மிட் கெடுபிடியால வேலை நின்ன நாள் எல்லாம் எனக்கு தெரியும். அப்படி இருந்தும் சொல்றேன், அந்த கட்டுப்பாடு வேணும். 1980ல சுற்றாடல் சட்டம் வந்துச்சு, 1992ல சுரங்க, கனிய சட்டம் வந்துச்சு, மணல் எடுக்க லைசன்ஸ் வேணும்னு ஆச்சு, ஆனா 2019 டிசம்பர்ல மணல், மண் ஏத்திட்டு போக பர்மிட் தேவையில்லன்னு அரசாங்கம் முடிவெடுத்தாங்க, வெலை கொறையும்னு நாங்களும் சந்தோசப்பட்டோம், ஆனா அப்ப பர்மிட் இல்லாம லாரி ஓடுனா எந்த ஆத்துல எந்த எடத்துல அள்ளுனதுன்னு யாரு கேட்டது. மழை அடுத்த மாசம் வரும், போன மணல் அவ்வளவு சீக்கிரம் வராது, மேல டேம் இருக்கிறதால வர்ற மணலும் கொறைவு.

கட்டடத்துக்கு மணல் வேணும்னா முத்துராஜவெல பக்கம் கழுவி விக்கிற கடல் மணல் இருக்கு, உப்பு சரியா கழுவுனதான்னு செக் பண்ணி சின்ன பாஸ்மாருக்கும் கட்டுப்படியாகுற வெலைக்கு குடுக்கட்டும். ஆத்துல முங்கி வாளியால மணல் அள்ளுற ஆளுங்களும் கூலிக்காரங்க தான், அவங்களுக்கு வேற தொழில் காட்டாம படகை மட்டும் பிடிச்சா ராத்திரியில தான் அள்ளுவாங்க.

கடைசியா உங்ககிட்ட ஒரு கேள்வி, வெயில் காலத்துல பேப்பர்ல காலநிலை போடுற எடத்துலயே அம்பத்தளையில இன்னைக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டு வாங்கி தமிழ்ல ஒரு வரி போட ஏலுமா? பிரஷர், கிட்னி வருத்தக்காரங்க இருக்கிற வீட்டுல அத பாத்துட்டு உலை வைப்போம்.

இப்படிக்கு,
மட்டக்குளி வாசகி,
கொழும்பு 15