தபால் பெட்டியில் யார் பெயர்?

அன்புள்ள தம்பிக்கு,

படிப்புக்கான ஜெர்மனி விசா கைக்கு வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் நீ கேட்டிருப்பதெல்லாம் பெட்டியில் எதை அடுக்குவது என்றே இருக்கிறது. குக்கர், மிக்ஸி இரண்டையும் தாராளமாக எடுத்துப் போ. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம்முடைய மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, எர்த் உள்ள அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள். சாமான் கதை இதோடு முடிந்தது. முதல் மாதத்தில் ஆளைத் திணறடிப்பது முகவரிதான்.

அங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர், இவ்வளவுதான் தபால்காரர் பார்ப்பது. பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில் வருபவை. இதில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் பலருக்கும் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அலுவலகங்கள் அந்தப் பெயருக்குத்தான் எழுதும். உன் பெயரை மட்டும் ஒட்டி வைத்தால், அப்பா பெயருக்கு வந்த கடிதம் உனக்கானது என்று யாருக்குத் தெரியும்? இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே ஒட்டு. சாவி வாங்கிய அன்றே. நண்பர் அறையில் தற்காலிகமாகத் தங்கினால், முகவரியில் உன் பெயருக்குக் கீழே 'சி/ஓ' போட்டு, பெட்டியில் இருக்கும் அவர் பெயரை எழுது.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று பலர் நினைத்துப் போய்த் திரும்பி வருகிறார்கள். 'இவர் இன்ன தேதியில் இங்கே குடிவந்தார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்பது அதன் பெயர். வாய் வலித்தாலும் இந்த ஒரு சொல்லைப் பழகிக்கொள். இதைத் தர மாட்டேன், இங்கே பதிவு செய்யக்கூடாது என்று சொல்லும் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதே. பதிவு இல்லாமல் வரி எண் வராது, விசா முடிந்த பிறகும் அங்கே தங்குவதற்கான வதிவிட அனுமதியும் நகராது. பெரிய நகரங்களில் பதிவுக்கு நேரம் கிடைப்பதே பாடு. பெர்லினில் உன் பகுதி அலுவலகம்தான் என்றில்லை, நகரத்தில் எங்கே இடம் கிடைத்தாலும் போகலாம். 2 வாரம் தாண்டித்தான் தேதி கிடைத்தது என்றால், முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

பணக் கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுப் பூட்டிவைக்கும் கணக்கில், 11,904 யூரோ கிடந்தாலும் மாதம் 992தான் வெளியே வரும், அதுவும் அங்கே நடப்புக் கணக்கு திறந்த பிறகு. வாடகை முன்பணமோ கால்ட்மீட்டேயில், அதாவது ஹீட்டர் முதலிய செலவு சேராத வாடகையில், 3 மாதம் வரை கேட்கலாம். கால்ட்மீட்டே 400 என்றால் முன்பணம் மட்டும் 1,200. அதோடு முதல் மாத வாடகை வேறு. முன்பணத்தை 3 மாதத் தவணையாகக் கட்டும் உரிமையைச் சட்டம் தருகிறது, தயங்காமல் கேள். எப்படியானாலும் பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே தனியாகக் கொஞ்சம் பணம் இருக்கட்டும். அறையைக் காட்டாமல் முன்பணம் அனுப்பச் சொல்கிறவன் திருடன் என்றே வைத்துக்கொள்.

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்படாதே. மலிவாக இருக்கிறதென்று அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கித் தனியாருக்குப் போனால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. 30 வயதுக்குள் இருக்கும் உனக்கு அரசுக் காப்பீடே நல்லது.

விசா முடியும் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டு. வதிவிட அனுமதிக்கு அதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், நேர்காணல் தேதி பிறகு வந்தாலும் முடிவு வரும்வரை நீ அங்கே சட்டப்படிதான் இருக்கிறாய். ஒரு நாள் தவறினாலும் கதை வேறு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றை அச்செடுத்து வை.

பதிவு முடிந்த பின் மாதம் 18.36 யூரோ வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவியே இல்லையே என்று குப்பையில் போடுகிறவர்கள் நிறைய, பாக்கி ஏறும். கட்டணம் ஆளுக்கல்ல, வீட்டுக்கு ஒன்று. கூட இருப்பவர் யாராவது ஏற்கெனவே கட்டினால், அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

டிக்கெட் போடும்போது கிழமையையும் பார். ஞாயிறன்று கடை கிடையாது, அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அது சனிக்கிழமையில் விழுந்தால் இரண்டு நாள் தொடர்ந்து மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளில் பாலும் ரொட்டியும் கிடைக்கும்.

அன்புடன்,
அண்ணன்