திறக்காத கதவு குறித்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

வரும் வெள்ளிக்கிழமை அத்தையின் முதல் திதி. நான் வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்ல மூன்று முறை முயன்று, எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், மருத்துவரிடம் முதலில் எதற்காகப் போனேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரிந்திருப்பது போதும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீ கோவில்பட்டியிலிருந்து பேருந்து ஏறி வந்து என் கதவைத் தட்டினாய். நான் உள்ளேதான் இருந்தேன். கதவின் அடி இடுக்கில் உன் கால்களின் நிழல் தெரிந்தது. மின்விசிறிச் சத்தம் வெளியே கேட்குமோ என்று பயந்து, சுவரை ஒட்டியபடியே நடந்துபோய் அதை நிறுத்தினேன். அது நின்றது உனக்குக் கேட்டிருக்கும். என் செருப்பும் வாசலில்தான் கிடந்தது. ஆனாலும் எதிர்வீட்டு அம்மா விசாரித்தபோது, "வெளியூர் போயிருப்பாள் போலிருக்கிறது, நான்தான் சொல்லாமல் வந்துவிட்டேன்" என்றாய். கைப்பிடியில் நீ மாட்டிவிட்டுப் போன தூக்குச்சட்டியை, எதிர்வீட்டு விளக்கு அணைந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் உள்ளே எடுத்தேன். புளியோதரை. நின்றுகொண்டே தின்றேன்.

எனக்காகப் பொய் சொன்ன நீயே இரண்டு நாள் கழித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வர வேண்டும்" என்று எழுதினாய். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அலுவலகத்தில் மட்டும் சிரித்துப் பேசுகிறாளாமே என்று ஒருவர் (யார் என்று எழுத மாட்டேன்) கேட்டதற்கும் நீ மறுப்புச் சொல்லவில்லை. அந்த எட்டு மணி நேரச் சிரிப்புக்கே என்னிடம் இருந்த தெம்பெல்லாம் செலவாகிவிட்டது, அக்கா. மாலையில் சேலையைக்கூட மாற்றாமல் தரையில் கிடப்பேன். நீ இன்னொரு முறை தட்டியிருந்தால் திறந்திருப்பேன் என்று பல மாதங்கள் உன்மேல் கோபமாக இருந்தேன். திறந்திருக்க மாட்டேன்.

மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். மனச்சோர்வு வந்தவர் மனிதர்களைத் தவிர்க்கிறார். தவிர்க்கத் தவிர்க்க, மனத்துக்கு இதமானவை ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், சோர்வு இன்னும் இறுகுகிறது. பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இதை விளக்கியிருக்கிறாராம். அந்த வட்டத்தில் என் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பேன்: கடன். உன் முதல் அழைப்பை எடுக்காததற்கு நோய் காரணம். பதினோராவது அழைப்பை எடுக்காததற்கு, அதற்கு முன் எடுக்காத பத்து அழைப்புகள் காரணம். ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டிய சமாதானம் வட்டியோடு ஏறிக்கொண்டே போனது. உன் எண்ணை அழுத்த முடியாத கை, ஒரு பின்னிரவில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அழுத்தியது. முன்பின் அறியாதவரிடம் பேச முடிந்தது. அவரிடம் எனக்குக் கடன் ஏதுமில்லை.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், மனம் தேறிய பிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், போகப் போகத்தான் மனம் தேறும் என்றும் மருத்துவர் சொன்னார். தெருமுனைக் கடையில் பால் வாங்கி, கடைக்காரரிடம் ஒரு வாக்கியம் பேச வேண்டும்; வந்ததும், அது எவ்வளவு இதமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். இதுதான் முதல் வாரத்து வேலை. நான்கு நாளும் 0. ஐந்தாம் நாள், "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று அவர் கேட்டார், 2 போட்டேன். நீ கேட்டிருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அவர் கேட்டபோது ஏன் வரவில்லை என்பது எனக்கும் விளங்கவில்லை.

அத்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வராததற்கு மன்னித்துவிடு. இதை எழுதும்போதே, நோயைச் சாக்காக வைத்துக்கொள்கிறேனோ என்ற சந்தேகமும் வருகிறது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிப் பேருந்தில் வருகிறேன். ஒரு மணி நேரத்தில் கிளம்பினால் தடுக்காதே. அந்த ஒருவரின் பக்கத்தில் என்னை உட்கார வைக்காதே. சமையற்கட்டில் ஏதாவது வேலை கொடு, தேங்காய் துருவித் தருகிறேன். உன் தூக்குச்சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

உன் தங்கை