ஒப்பந்த ஆசிரியரை வைத்துக்கொண்டு ஆய்வு நடத்த முடியாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பேராசிரியர்களுக்குப் பணி நிரந்தரம் எதற்கு என்ற விவாதம் எப்போதும் சம்பளத்தையும் சோம்பலையுமே சுற்றி வருகிறது. விதிகளை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி ஒப்பந்த நியமனம் மொத்த ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மாற்றாக 2025 ஜனவரியில் வெளியான வரைவில் அந்த வரம்பைக் காணோம். ஆனால் 2022 பிஎச்.டி. விதியின்படி நிரந்தர ஆசிரியர்தான் ஆய்வாளருக்கு வழிகாட்டும் நெறியாளர் ஆகலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுகூட இல்லாதவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கவும் கூடாது. ஆக, மூத்தவர்கள் ஓய்வை நெருங்கி, இளையவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் இருக்கும் துறையில், கடைசி நிரந்தர ஆசிரியர் விடைபெறுவதற்கு மூன்றாண்டு முன்பே பிஎச்.டி. சேர்க்கை நின்றுவிடும்.

அனுபவக் கணக்கு இன்னும் விசித்திரம். தற்காலிகப் பணிக்காலம் பதவி உயர்வுக்குச் சேர வேண்டுமானால், நிரந்தர ஆசிரியரின் மொத்த ஊதியத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கு 2019-இல் மானியக் குழு வைத்த உச்சவரம்போ வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000. அவர்களின் பணிக்காலம் எத்தனை ஆண்டானாலும் கணக்கிலேயே வராது என்று தனியாக ஒரு விதியும் உண்டு. ஊதியத்தைக் குறைத்து வரம்பு வைப்பதும் மானியக் குழுவே, குறைவாக வாங்கியதால் அனுபவம் செல்லாது என்பதும் அதே குழுவே!

நிரந்தரமானபின் வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களைச் சலித்தெடுக்க வேண்டியது, பணியை உறுதி செய்வதற்கு முந்தைய தகுதிகாண் பருவத்தில். நம் விதியில் அது ஓராண்டு. மேலும் ஓராண்டு நீட்டலாம். முதலாண்டு முடிவதற்குள் நீட்டிப்பு ஆணை வராவிட்டால் பணியை உறுதி செய்தாக வேண்டும். ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி அச்சில் வருவதற்கே அந்த அவகாசம் போதாது. எதை வைத்து மதிப்பிடுவார்கள்? அமெரிக்காவில் 1940-இல் வகுத்த நெறிப்படி இக்காலம் அதிகபட்சம் ஏழாண்டு. பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் வெளிப் பல்கலைக்கழக அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். தேறாதவர் பொதுவாக இன்னும் ஓராண்டில் வெளியேறிவிட வேண்டும்.

இங்கே அத்தனை நீளம் வேண்டாம். தகுதிகாண் பருவத்தை மூன்றாண்டாக்கி, வெளிநிபுணர் இருவரின் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி, மறுத்தால் காரணத்தை ஆணையில் எழுதச் சொல்லலாம். 10 சதவீத வரம்பில் கைவைப்பதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி