ஆச்சியும் எரிவாங்களா? ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் தம்பி தங்கைகளுக்கு,

ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்கிற ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும், மே மாத வெயிலில் தொண்டை கட்டும்வரை பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) தொண்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் உங்கள் கூட்டம்தான். இருபத்திரண்டு வருஷம் பிரைமரி வகுப்பு எடுத்தவள்.

போன மே மாதம் என் பேத்தி வி.பி.எஸ். முடிந்து வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "பாட்டி, ஆச்சியும் எரிவாங்களா?"

ஆச்சி என்றால் என் மருமகளின் அம்மா, எனக்குச் சம்பந்தியம்மா. செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளைக்குத் தலைபின்னி சர்ச்சுக்கு அனுப்புகிறவரும் அவரேதான்.

அன்று நாடகம் போட்டிருக்கிறார்கள். ஐசுவரியவான், லாசரு கதை: வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கவனியாத பணக்காரன், செத்தபின் அக்கினியில் கிடந்து ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சுகிற கதை. சிவப்புக் கண்ணாடித் தாளுக்குப் பின்னால் பல்பு எரிய, ஒரு அண்ணன் தண்ணீர் தண்ணீர் என்று அலறினாராம். முடிந்ததும், "இன்றைக்கு ராத்திரி நீ செத்தால் எங்கே போவாய்?" என்று கேட்டு, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கைதூக்கச் சொல்லியிருக்கிறார்கள். தூக்காமல் என்ன செய்யும் பிள்ளை? அந்தக் கைகளின் எண்ணிக்கை அறிக்கையிலும் போயிருக்கும்.

எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. நானும் இதைச் செய்தவள்தான். எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்களை மட்டும் காட்டிச் சுவிசேஷம் சொல்லும் வார்த்தையில்லாப் புத்தகம் உங்களுக்குத் தெரியும். 1866இல் லண்டனில் பிரசங்கியார் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களை வைத்துத்தான் பிரசங்கித்தார்; பொன் நிறமும் பச்சையும் பிற்பாடு சேர்ந்தவை. பாவம், இரத்தம், கழுவப்படுதல், அவ்வளவுதான் அந்த மூன்று பக்கம். நான் கறுப்புப் பக்கத்திலேயே பத்து நிமிஷம் நிற்பேன், நெருப்பையும் புழுவையும் நானே சேர்த்து. வகுப்பு கப்சிப் என்று ஆகிவிடும். நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாய்ச் சமாளிக்கிறவளுக்கு அது பெரிய வசதி. (கறுத்த பிள்ளைகளுக்கு முன்னால் கறுப்பென்றால் பாவம் என்று காட்டிய கணக்கு வேறு இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

பேத்தி கேட்ட பிறகு லூக்கா 16ஐ எடுத்து நிதானமாய் வாசித்தேன். அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? பொருளாசைக்காரரான பரிசேயர். வேதனையில் கிடக்கிறவன் எப்படிக் கூப்பிடுகிறான்? "தகப்பனாகிய ஆபிரகாமே" என்று. அவன் வேற்று ஆள் இல்லை, சபைக்குள்ளே வளர்ந்தவன். வாசலில் பருக்களோடு கிடந்தவனைத் தாண்டித் தாண்டிப் போனவன். வாசலில் வந்து நிற்கிறவனை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத எங்கள் சம்பந்தியம்மாவை இந்தக் கதையில் எங்கே நிறுத்துவீர்கள்?

அங்கே இருக்கிற வார்த்தையும் நரகம் இல்லை, பாதாளம். கிரேக்கத்தில் ஹாதேஸ், மரித்தோர் இருக்கும் இடம். நரகம் என்று நம் வேதாகமம் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் கெஹென்னா என்று இருக்கும்; எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பெயர் அது. மொழிபெயர்த்தவர்கள் பிரித்துத்தான் வைத்தார்கள், குழப்பினது நாம். ஒருமுறை வகுப்பில் ஒரு பையன், விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவைப் பற்றி வரும் வரியைப் பிடித்துக்கொண்டு, "பாதாளத்தில் இறங்கினார்னு சொல்றோமே, அப்போ இயேசுவும் நரகத்துக்குப் போனாரா டீச்சர்?" என்றான். சும்மா இருலே என்று உட்காரவைத்தேன். அந்த வருஷம் முழுவதும் என் வகுப்பில் வந்த நல்ல கேள்வி அது ஒன்றுதான்.

நரகமே கிடையாது என்று சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தைக் கிழித்துப்போட நான் யார்? ஆனால் அவியாத அக்கினி வருவதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலம் என்கிறார் இயேசு. அந்த எச்சரிப்பு பிள்ளைகளுக்கு இல்லை. உங்களுக்கும் எனக்கும்.

பிள்ளைகளிடம் பரலோகம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். மேகம், வெள்ளை அங்கி, சிறகு என்பார்கள். விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் சொல்வதோ சரீரம் உயிர்த்தெழுதல். அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. உயிர்த்தெழுந்த இயேசு பொரித்த மீன் கண்டத்தை வாங்கி அவர்களுக்கு முன்பாகச் சாப்பிட்டார் என்று லூக்கா 24இல் இருக்கிறது. இதை நான் முதல்முதலாகச் சொன்ன அன்று கடற்கரைப் பிள்ளை ஒன்று, "என்ன மீன் டீச்சர், சாளையா?" என்றது. வகுப்பே சிரித்தது. ஆணிக் காயங்களும் ஆறி மறையவில்லை, தோமா தொட்டுப்பார்க்கும்படி அப்படியே இருந்தன. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். இவ்வளவும் கையில் இருக்க நாம் சிவப்புத் தாள் தேடுகிறோம். உயிர்த்தெழுதலுக்கு உவமையாய்ப் பவுல் விதையைச் சொன்னார். நம் ஊரில் பனங்கொட்டை இருக்கிறது. புதைத்தது அழுகிற மாதிரித் தெரியும், உள்ளே நடக்கிறது வேறு. பிள்ளைகளைத் தேரிக்காட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் போதும்.

சாவு நடந்த வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது தாத்தா தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி ஒரு பிள்ளை மாதக்கணக்கில் தூங்கப் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். யோவான் 11இல் வருகிற லாசரு வேறு ஆள், இயேசு உயிரோடு எழுப்பினவன். அவன் செத்தபோது இயேசுவும் முதலில் லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்றுதான் சொன்னார். சீஷர்கள், பெரிய ஆட்கள், அவர்களுக்கே விளங்கவில்லை. பிறகு "லாசரு மரித்துப்போனான்" என்று வெளிப்படையாய்ச் சொன்னார். தேவன் பிரியப்பட்டு எடுத்துக்கொண்டார் என்பதும் வேண்டாம். அடுத்து அம்மாவின்மேல் பிரியப்படுவாரோ என்று பிள்ளை யோசிக்கும். மனப்பாட வசனம் படிக்காமல் வருகிறவன் எழுந்து ஒப்பிப்பானே, "இயேசு கண்ணீர் விட்டார்", அது அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. எழுப்பப்போகிறவரே கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். அழுகிற பிள்ளையை விசுவாசமில்லையா என்று கேட்காதீர்கள்.

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தெருப் பிள்ளைகள் நவம்பர் 2இல் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு, அதாவது பரலோகம் போகுமுன் சுத்திகரிக்கப்படுகிறவர்கள் என்று அவர்கள் நம்புகிறவர்களுக்கு, ஜெபிப்பார்கள். நாம் அப்படிப் போதிப்பதில்லை. அதைச் சொல்லுங்கள், கேலி இல்லாமல்.

அன்றைக்கு ராத்திரி பேத்திக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். சோதோமுக்காகக் கெஞ்சின ஆபிரகாமின் கேள்வியைச் சொன்னேன்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" ஆச்சியைப் பற்றி முடிவு சொல்ல அந்த அண்ணனுக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை, அது தேவனுடைய வேலை, உனக்கு ஆச்சியைப் பிடிப்பதைவிட அவருக்குக் கூடுதலாகவே பிடிக்கும் என்றேன். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆச்சிக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டாள். ஜெபித்தோம். மறுநாள் அவளே ஆச்சி வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

வருகிற மே மாதத்துக்கு ஆள் பற்றாக்குறை என்று கேள்விப்பட்டேன். பிரைமரி வகுப்பை நான் எடுக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஒரு நாற்காலி மட்டும் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பிரைமரி டீச்சர்