அது தாயுமில்லை, பசியுமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கைப் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு பெற்ற படத்தைச் சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அரைப்பக்க அளவில் வெளியிட்டிருந்தீர்கள். கீழே ஒரு வரி: 'பசியால் வாய் பிளக்கும் குஞ்சுகளுக்கு இரையூட்டும் தாயின் பாசம்'. அந்தப் படத்தில் பசியும் இல்லை, தாயும் இல்லை. பாசம் இருந்திருக்கலாம், அதை அளக்கும் கருவி என்னிடம் கிடையாது.

படத்தில் இருப்பது மாம்பழச்சிட்டு. தலையும் முதுகும் கறுத்து, அடிப்புறம் பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் அது இனப்பெருக்கக் காலத்து ஆண். பெண்ணுக்கு மேற்புறம் பச்சையாக இருக்கும். இந்த இனத்தில் ஆணும் அடைகாக்கும், இரையும் கொண்டுவரும். ஆகவே அங்கே நிற்பவர் அப்பா. போகட்டும், வரி எழுதியவருக்குப் பறவை நூல் புரட்ட நேரம் கிடைத்திருக்காது.

குஞ்சுகள் விஷயத்தை அப்படி விட முடியவில்லை. கண் திறக்காத குஞ்சு பசித்திருந்தால், கிளை லேசாக அசைந்ததுமே கழுத்தை நேர் மேலே நீட்டி வாயை முழுசாகப் பிளக்கும். உங்கள் படத்தில் மூன்று குஞ்சுகளின் கழுத்தும் கூட்டின் விளிம்பில் துவண்டு கிடக்கிறது, வாய் பாதிதான் திறந்திருக்கிறது. அது வெயில் தாங்காமல் இரைப்பது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே சமாளிக்கவும் தெரியாது. நிழல் ஒன்றுதான் அதற்குக் காப்பு.

அந்த நிழல் எங்கே போயிற்று என்பதும் படத்திலேயே இருக்கிறது. வலது மூலையில் பென்சில் பருமனில் ஒரு கொப்பு, சாய்வாக, வெட்டுவாய் வெள்ளை வெளேரென்று தெரிகிறது. காற்றில் முறிந்த கொப்பாக இருந்தால் நார் நாராகப் பிய்ந்து தொங்கும். இது கத்தரி வெட்டு, அதுவும் அன்றைய வெட்டு. பறவையின் கண்ணில் ஒன்றுக்கு இரண்டு ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று சூரியன், இன்னொன்று ஃப்ளாஷ். உச்சி வெயில் என்பதால் கூட்டுக்குள் விழுந்த கரும் நிழலை ஃப்ளாஷ் போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

ஏன் வெட்டுகிறார்கள்? தூரத்தை இழுக்கும் 400 மில்லிமீட்டர் லென்ஸின் ஒளித்துளையை முழுசாகத் திறந்து வைத்தால் முன்னால் நிற்கும் இலை பச்சைப் புகையாகப் படத்தில் படர்ந்துவிடும். அது இடைஞ்சல். கூட்டைப் பொறுத்தவரை அதே இலைதான் கூரை, அதுவே மறைப்பும். எடுத்ததும் கொப்பை நூலால் கட்டிவிட்டு வந்துவிடுவோம் என்று சமாதானம் சொல்வார்கள். வெட்டிய கொப்பின் இலை மறுநாளே வாடிச் சுருண்டுவிடும். அதன் பிறகு காக்கைக்கும் செண்பகப் பறவைக்கும் அது திறந்து வைத்த பலகாரக் கடை. கத்தரி படாத கூட்டுக்கும் ஆபத்து உண்டு. ஆள் பத்தடி தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்வரை பெற்ற பறவை பக்கத்து மரத்திலிருந்து கத்திக்கொண்டே இருக்குமே தவிர, எளிதில் கூட்டுக்கு வராது. அது வராத நேரம் முழுக்கக் குஞ்சுகளுக்கு இரையும் இல்லை, நிழலும் இல்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். துப்பாக்கி வேண்டியதில்லை. சட்டம் வேட்டை என்று சொல்லும் செயலுக்கு நாம் கேடயம் கொடுத்திருக்கிறோம், பின்னால் 'இயற்கையைக் காப்போம்' என்று இருபதடி ஃப்ளெக்ஸ் கட்டி.

போதாக்குறைக்கு, ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர், 'மேற்குக் கரையில் மூன்றாவது புளியமரம்' என்பது வரை அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் எத்தனை முக்காலி நிற்கும் என்று யாரும் யோசிக்கவில்லையா? கூடு, குகை, அடையும் மரம் இவற்றுக்கு மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை. இணையப் பதிப்பில் போடும்போது கோப்புக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் அழிக்க வேண்டும். இல்லையென்றால் புளியமரத்தை நீங்கள் எழுதாவிட்டாலும் கோப்பு சொல்லிவிடும்.

கோப்பு என்றதும் போட்டி விதிமுறைகள் நினைவுக்கு வருகின்றன. 'படம் 300 டிபிஐ இருக்க வேண்டும், 2 எம்பிக்கு மிகக் கூடாது' என்று ஆண்டுதோறும் அதே வரி. டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அச்சு அளவைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்வது, துணியின் நீளத்தைச் சொல்லாமல் மீட்டர் விலையை மட்டும் சொல்வது போல. கண்காட்சிக்கு 12க்கு 18 அங்குலம் என்றால் 3600க்கு 5400 பிக்சல், கிட்டத்தட்ட 2 கோடிப் புள்ளிகள். அதை 2 எம்பிக்குள் அமுக்கினால் முதலில் போவது இறகின் வரிகள்தான். பிறகு கண்காட்சியில் எல்லாக் கொக்கும் மெழுகுப் பொம்மை மாதிரி நிற்கிறது என்று நடுவரே குறைபட்டுக்கொள்வார்!

முதல் சுற்றுக்குச் சிறிய கோப்பு போதும், யார் வேண்டாம் என்றது? இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலக்கோப்பை, கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் கேட்டால் போதாது, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஐந்தைந்து படங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வெட்டாத கொப்பு அந்த வரிசையில் எங்காவது தலைகாட்டும். கைபேசிப் படமென்றால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பக் கூடாது, எடுத்த நேரம் உட்பட எல்லா விவரமும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே வந்து சேரும்.

இதெல்லாம் அதிகப்படி என்று தோன்றினால், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியைப் பாருங்கள். 2009இல் வேலி தாண்டும் ஓநாய்க்கு முதலிடம் கொடுத்தார்கள். அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் கரையான் புற்றருகே எறும்புதின்னி நிற்கும் ஒரு பிரேசில் படம் ஒரு பிரிவில் வென்றது. அந்த எறும்புதின்னி பாடம் செய்து பஞ்சடைத்த உடல் என்று நிபுணர்கள் சொன்னார்கள், எடுத்தவர் மறுத்தார். முன்பின் படங்களைக் கேட்டபோது அவர் கொடுத்தவற்றில் ஒன்றில்கூட எறும்புதின்னி இல்லை. 2018இல் அந்தப் பரிசும் போயிற்று. அவர்கள் ஏமாந்தார்கள், கண்டுபிடித்தபின் ஒளிக்கவில்லை. நம் ஊர்ப் போட்டியில் ஏமாறுவதற்கே வாய்ப்பில்லை, ஏனென்றால் யாரும் எதையும் கேட்பதில்லை.

போன ஆண்டு முதல் பரிசு ஊதாப் பூ பூத்த ஏரிக்கு. அந்தப் பூ ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து, வெளிச்சத்தை மறைத்து, தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைத்து, மீனைச் சாகடிக்கும் களை. ஏரி செத்துக்கொண்டிருக்கும் படத்துக்கு 'இயற்கையின் எழில்' பிரிவில் பரிசு! அதே போட்டியின் விதிகளில் 'மனதை வருத்தும் படங்கள் ஏற்கப்படா' என்றும் ஒரு வரி உண்டு. நைலான் வலையில் கால் சிக்கிய நாரைக்கு அங்கே இடமில்லை. பாதுகாப்பு என்ற சொல்லைப் போட்டித் தலைப்பில் மட்டும் வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

'அனுப்பும் படங்கள் அனைத்தும் அமைப்பாளர்களுக்கே சொந்தம்' என்ற விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றுதான் கொள்ளப்படும். படிவத்தில் ஒரு டிக் அடிக்கவைத்துத் தோற்றவர் படத்தையும் காலண்டருக்கு எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

பரிசைத் திரும்ப வாங்கச் சொல்லித் தங்களிடம் கேட்பதில் பொருளில்லை, அது தங்கள் கையில் இல்லை. தங்களால் ஆகக்கூடியது மூன்று. வரும் ஞாயிறு இணைப்பிதழில் 'தாய்' என்பது 'தந்தை' என்றும், 'பசி' என்பது 'வெப்பம்' என்றும் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலிருந்து அந்தப் புளியமரத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுப் போட்டி அறிவிப்பைப் பிரசுரிக்கும்போது 'கூட்டுப் படங்கள் ஏற்கப்படா' என்ற மூன்று சொற்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். விளம்பரக் கட்டணம் கூடுமென்றால் ஃப்ளெக்ஸில் ஒரு அடியைக் குறைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை