குளிர்சாதனப் பெட்டி பழுதான வீட்டுக்கு அப்பாவின் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் போய்விட்டதென்றும், மாற்றுச் சாமான் வந்து சேர இன்னும் பத்து நாள் ஆகுமென்று மெக்கானிக் சொல்லிவிட்டாரென்றும் நேற்றிரவு சொன்னாய். சென்னையின் கத்திரி வெயிலில், இரண்டு வயதுப் பேரனையும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சம்பந்தியம்மாவையும் வைத்துக்கொண்டு நீ எப்படிச் சமாளிப்பாய் என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. நாகப்பட்டினத்து ஐஸ் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன், சொந்த மகளுக்கு இந்த நேரத்தில் உதவாமல் இருக்கக் கூடாது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நீ விடுதியில் இருந்தாய். மின்சாரம் நின்ற பிறகு, ஃப்ரீசரில் இருந்த சூரை மீன் என்ன ஆயிற்றோ என்று நானும் அம்மாவும் மணிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்த்தோம். நிறையச் சாமான் அடைத்த ஃப்ரீசரைத் திறக்காமலே விட்டால் ஏறக்குறைய இரண்டு நாளும், பாதி நிறைந்ததென்றால் ஒரு நாளும் குளிர் தாங்கும். நாங்களோ திறந்து திறந்தே அதைத் தீர்த்துவிட்டோம். மறுநாள் மாலை மீன் தொளதொளவென்று ஆகியிருந்தாலும் வாடை எதுவும் இல்லாததால், அம்மா புளி தூக்கலாக விட்டு நன்றாகக் கொதிக்கவைத்தாள். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உன் தம்பியின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று தடித்து, தலைவலியும் வாந்தியும் வந்துவிட்டன. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும் என்பதும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது என்பதும் மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மீனுக்கு ஐஸ் போட்டே வயிறு வளர்த்தவன் வீட்டில் அப்படி நடந்தது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது. ஆகவே, அந்தப் பெட்டியில் மீனோ கறியோ கோழியோ மிச்சம் இருந்து, அது இளகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாவிட்டால், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதே; கொட்டிவிடு. காசு போகிறதே என்று பார்க்காதே.

இனி ஐஸ் விஷயம். மீன் மார்க்கெட் பக்கம் போனால் கனமான தெர்மாகோல் பெட்டி கிடைக்கும். மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்து வாங்கு. நொறுக்கிய ஐஸ் சீக்கிரம் குளிர்விக்கும், ஆனால் சீக்கிரம் உருகிவிடும். கட்டி ஐஸ் மெதுவாகக் குளிர்வித்து நெடுநேரம் நிற்கும். ஆகவே பெரிய கட்டி ஒன்றை வைத்து, சாமான்களைச் சுற்றிக் கொஞ்சம் நொறுக்கிப் போடு. ஒரு கிலோ ஐஸ் வெறுமனே உருகி முடிவதற்கு உறிஞ்சும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கும் வெப்பத்துக்குச் சமம். கட்டியில் அவ்வளவு வலு இருக்கிறது. மூடியை அடிக்கடி திறந்து அதை வீணாக்காமல் இருப்பதுதான் உன் வேலை. எங்கள் தொழிற்சாலையில் உப்புநீர்த் தொட்டியிலிருந்து தகரக் கேனைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால், கட்டி நெகிழ்ந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதை உமியில் புரட்டிச் சாக்கைப் போர்த்திவிட்டால் வெளியூர் போகும் வரை தாங்கும். 1833-இல் பாஸ்டனிலிருந்து கப்பலில் ஏற்றிய ஐஸ், நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் உருகாமல் கல்கத்தா வந்து சேர்ந்தது. உங்கள் ஊர்க் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸும் அந்த வியாபாரத்துக்காகக் கட்டியதுதான்.

பழுதான பெட்டியையும் சும்மா விடாதே. அதன் சுவருக்குள்ளும் வெப்பத்தைத் தடுக்கும் நுரைதான் இருக்கிறது. மின் இணைப்பை எடுத்துவிட்டு, நடுத் தட்டுகளைக் கழற்றி, தெர்மாகோல் பெட்டியை அதற்குள்ளேயே வைத்து மூடிவிட்டால் ஐஸ் இன்னும் அதிக நேரம் நிற்கும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் கட்டியை மேலாகவும் பால் பாக்கெட்டைக் கீழாகவும் வை. மீனுக்கென்று செய்யும் ஐஸ் குடிநீரில் செய்தது என்று நம்ப முடியாது. அதைப் பாலித்தீன் பையில் கட்டிப் போடு, பேரனின் பழச்சாற்றில் ஒரு துண்டுகூட விழ வேண்டாம்.

சம்பந்தியம்மாவின் இன்சுலினை ஐஸில் படும்படி வைக்கவே கூடாது. ஒரு முறை உறைந்துவிட்டால் அது பயன்படாது. திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும் என்பதால், எதிர்வீட்டுப் பெட்டியின் நடுத் தட்டில் வைக்கக் கேட்டுக்கொள். இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்படாதே. பயன்பாட்டில் இருப்பது எத்தனை நாள் வெளியே தாங்கும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காய்ந்த டப்பாவில் போட்டு, ஈர மண்பானைக்குள் வைக்கலாம்.

காய்கறிக்கும் மண்பானையே போதும். பெரிய பானைக்குள் சிறிய பானையை இறக்கி, இடையில் ஆற்று மணலை நிரப்பி, காலையிலும் மாலையிலும் மணலை நனைத்து, ஈரத் துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வை. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் ஏழை விவசாயிகளுக்காக இதைப் பரப்பி, 2000-இல் ரோலக்ஸ் விருது பெற்றார். ஆனால் தண்ணீர் ஆவியானால்தான் பானை குளிரும். சென்னையில் முற்பகலில் வறண்ட மேல்காற்று வீசும்போது பானை நன்றாகக் குளிரும். பிற்பகலில் கடற்காற்று ஏறி உடம்பு பிசுபிசுக்கத் தொடங்கினால் அதன் குளிர்ச்சியும் குறைந்துவிடும். கீரை, தக்காளி, கத்திரிக்காய், கொத்தமல்லிக்கு அது போதும். பாலுக்கும் சமைத்த சோற்றுக்கும் அதை நம்பாதே.

வெண்ணெய் இருந்தால் இன்றே உருக்கி நெய்யாக்கிவிடு. எலுமிச்சம்பழங்களை உப்பில் போட்டுவிடு. இஞ்சியை ஈர மணலில் புதைத்து வை. இட்லி மாவை இரண்டு நாளைக்கு மேல் அரைக்காதே. மாவுப் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய அகன்ற தாம்பாளத்தில் நிறுத்தி, ஈரத் துணி சுற்றினால் புளிப்பு கொஞ்சம் தாமதமாகும். தேங்காய்தான் முதலில் ஊசிப்போகும் என்பதால், பத்து நாளும் வத்தக்குழம்பு, ரசம், தொக்கு என்று சமாளித்துக்கொள். மாப்பிள்ளைக்குத் தேங்காய்ச் சட்னி இல்லாமல் இறங்காது என்று தெரியும். அவருக்கு அந்த வேளைக்கு மட்டும் துருவி அரைத்துக் கொடு. பாலைக் காலையில் அரை லிட்டர், மாலையில் அரை லிட்டர் என்று வாங்கி, வாங்கியவுடன் காய்ச்சு. இந்த வெயிலில் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துப் பேரனுக்குக் கொடுக்காதே. திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகும், அது ஏற்கெனவே கக்கிய நஞ்சு எல்லாம் சாகாது.

பெட்டி சரியானவுடன் சாமான்களை உடனே அடைக்காமல், சில மணி நேரம் வெறுமையாக ஓடவிட்டு, உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இறங்கியதா என்று பார்த்துக்கொள். தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே. கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்று. ஐப்பசி கார்த்திகையில் தேவைப்படும்.

அன்புடன்,
அப்பா